பொதியின் மேல் உரிமையாளர் பெயர்: கோடெக்ஸ் உணவு லேபிள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையத்தின் உணவு லேபிள் குழுவில் உறுப்பு நாடுகளின் சார்பில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் உங்கள் ஆணையம், பொதியிட்ட உணவின் லேபிளில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை 1985-ஆம் ஆண்டின் பொதுத் தரநிலையில் வகுத்துத் தந்திருக்கிறது. அதன் 4.4-ஆம் பிரிவு, உணவை உற்பத்தி செய்தவர், பொதியிட்டவர், விநியோகிப்பவர், இறக்குமதி செய்பவர், ஏற்றுமதி செய்பவர், விற்பவர் ஆகியோருள் எவரேனும் ஒருவருடைய பெயரும் முகவரியும் இருந்தால் போதும் என்கிறது. பொதியின் முகப்பில் பெரிய எழுத்தில் நிற்கும் பிராண்டுக்குச் சொந்தக்காரர் யார், அந்த நிறுவனத்தை இறுதியில் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் யார் என்ற கேள்வியை அந்தப் பிரிவு எழுப்பவே இல்லை. அக்கேள்விக்கான விடையையும் லேபிளில் கட்டாயமாக்க வேண்டும் என்று கோருவதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

தரநிலை எழுதப்பட்ட காலத்தில் இது ஒரு குறையாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம். ஒரு முகவரி கிடைத்தால் புகார்க் கடிதம் அனுப்பலாம், வழக்குத் தொடுக்கலாம், அரசு அதிகாரி ஆய்வுக்குச் செல்லலாம். அந்த அளவில் 4.4-ஆம் பிரிவு தன் வேலையைச் செய்துதான் வருகிறது. ஆனால் அதன் பிறகு பிராண்டுகள் கைமாறிய வேகத்தையும், ஒரே பெயர் நாட்டுக்கு ஒரு முதலாளியிடம் பிரிந்து கிடக்கும் நிலையையும் பார்க்கும்போது, உள்ளூர்த் துணை நிறுவனத்தின் பெயரையும் அஞ்சல் எண்ணையும் தெரிந்துகொள்வதால் நுகர்வோருக்குக் கிடைக்கும் அறிவு மிகச் சொற்பம்.

கெல்லாக் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 2023-இல் இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கா, கனடா, கரீபியப் பகுதிகளின் காலை உணவுத் தானிய வணிகம் டபிள்யூ.கே. கெல்லாக் என்ற நிறுவனத்துக்குப் போனது. நொறுக்குத்தீனி வணிகமும், பிற நாடுகளில் கெல்லாக் பெயரில் விற்கும் தானிய உணவுகளும் கெல்லனோவா என்ற மற்றொரு நிறுவனத்திடம் தங்கின. இரண்டு ஆண்டுகள்தான் கடந்தன. 2025-இல் டபிள்யூ.கே. கெல்லாக்கை இத்தாலியின் ஃபெரேரோ குழுமம் ஏறத்தாழ 310 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டின் இறுதியில் கெல்லனோவாவை அமெரிக்காவின் மார்ஸ் நிறுவனம், கடன்களையும் சேர்த்து, ஏறத்தாழ 3,590 கோடி டாலர் மதிப்பில் தன்னுடையதாக்கிக்கொண்டது. சாக்லேட் சந்தையில் நேருக்கு நேர் போட்டியிடும் இரண்டு குடும்ப நிறுவனங்கள், ஒரே கையெழுத்து வடிவம் கொண்ட ஒரே பெயரை இன்று உலகின் இரு பகுதிகளில் ஆளுகின்றன. பொதியின் முன்பக்கம் பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. பின்பக்கத்தில் துணை நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், அந்தப் பெயரிலிருந்து மார்ஸையோ ஃபெரேரோவையோ ஊகித்துச் சொல்வது எளிதன்று.

கெல்லனோவாவோடு சேர்ந்து மார்ஸிடம் போன பிரிங்கில்ஸ் உருளைக்கிழங்கு வறுவலின் பயணம் இன்னும் நீளமானது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் உருவாக்கிய அந்தப் பிராண்டை 2012-இல் ஏறத்தாழ 270 கோடி டாலருக்குக் கெல்லாக் வாங்கியது. 2023-இல் அது கெல்லனோவாவின் சொத்தானது. 2025-இல் மார்ஸின் சொத்தானது. சோப்புத் தூளும் குழந்தைகளுக்கான அணையாடையும் விற்கும் நிறுவனத்தில் பிறந்த பிராண்டு, தானிய உணவு நிறுவனத்தின் வழியாக, சாக்லேட்டும் செல்லப்பிராணி உணவும் விற்கும் நிறுவனத்தை வந்தடைந்திருக்கிறது. டப்பாவில் இருக்கும் மீசைக்காரர் மட்டும் எல்லா முதலாளிகளிடமும் அதே முகத்தோடு வேலை பார்த்து வருகிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கெல்லாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தது. அதன் கணக்குகளும் முடிவுகளும் பொதுவெளிக்கு வந்தாக வேண்டியிருந்தது. மார்ஸும் ஃபெரேரோவும் குடும்பங்களின் கையில் இருப்பவை. தங்கள் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்காதவை. எனவே உரிமை கைமாறியபோது நுகர்வோருக்கு எட்டக்கூடிய தகவலின் அளவும் சுருங்கியது. இத்தகைய நிறுவனங்களைப் பொறுத்தவரை அந்தப் பெயரைக் கடையில் நிற்பவரின் கண்முன் கொண்டுவர லேபிளே நேரான வழி.

உரிமத்தின் வழியாகப் பிரிந்து கிடக்கும் பெயர்கள் இன்னொரு வகை. கிட்கேட்டை உருவாக்கிய ரௌண்ட்ரீ நிறுவனத்தை 1988-இல் நெஸ்லே வாங்கியது. ஆனால் அமெரிக்காவில் அதைத் தயாரிக்கும் உரிமம் அதற்கு முன்பே ஹெர்ஷியிடம் இருந்ததால், அங்கு இன்றுவரை கிட்கேட் ஹெர்ஷியுடையது. அதே 1988-இல் கேட்பரியின் அமெரிக்க வணிகத்தையும் ஹெர்ஷி வாங்கியது. பிற நாடுகளின் கேட்பரி 2010-இல் கிராஃப்டிடம் சென்று, 2012-இல் அந்நிறுவனம் பிரிந்தபோது மாண்டலீஸின் கைக்கு வந்தது. ஆக, நெஸ்லேயும் மாண்டலீஸும் தங்கள் முதன்மைப் பெயர்களில் ஒன்றை ஒரே போட்டியாளரிடம் விட்டு வைத்திருக்கின்றன. ஹாகன்-டாஸ் ஐஸ்கிரீம் ஜெனரல் மில்ஸின் பிராண்டு. அமெரிக்காவில் அதை விற்பதோ நெஸ்லேயும் ஒரு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து அமைத்த ஃப்ரோனெரி. கடைகளில் பொதிகளாக விற்கும் ஸ்டார்பக்ஸ் காப்பியை உலகெங்கும் விற்கும் உரிமைக்காக 2018-இல் நெஸ்லே 715 கோடி டாலர் கொடுத்தது. அதனால் அந்தப் பொதியை வாங்குபவர், நெஸ்காஃபேயைத் தவிர்க்க நினைத்து வாங்கினாலும், நெஸ்லேயின் வாடிக்கையாளராகவே இருக்கிறார். லிப்டன் தேயிலையின் பெரும்பகுதியை 2022-இல் யூனிலீவர் 450 கோடி யூரோவுக்கு சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றபோது, இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் தேயிலை வணிகமும், பெப்சிகோவோடு சேர்ந்து நடத்திய புட்டித் தேநீர் வணிகமும் அந்த விற்பனையில் சேரவில்லை. உங்கள் குழு உணவோடு நிற்பது எனக்குத் தெரியும். ஆயினும் சலவைத்தூளில் இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு, ஜெர்மனியில் பெர்சில் ஹென்கலுடையது, பிரிட்டனில் அதே பெர்சில் யூனிலீவருடையது என்ற ஒரு தகவலை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இவையெல்லாம் வணிக உலகின் சுவையான செய்திகள்தாமே, வாங்குபவருக்கு இவற்றால் என்ன என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில், கடை அலமாரி முன் நிற்பவர் தேர்வு செய்வதாக எண்ணிக்கொள்ளும் பல இடங்களில் தேர்வே நடப்பதில்லை என்பது. எவியான், வோல்விக் என்ற தண்ணீர்ப் புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றின் விலையோ நடத்தையோ பிடிக்காமல் மற்றொன்றை எடுப்பவர், டனோனிடமிருந்து டனோனுக்கே மாறியிருக்கிறார். 1992-இல் பெரியே என்ற புட்டித் தண்ணீர் நிறுவனத்தை நெஸ்லே வாங்க முற்பட்டபோது, சந்தையில் போட்டி குன்றிவிடும் என்று கணித்த ஐரோப்பிய ஆணையம், சில பிராண்டுகளையும் நீரூற்றுகளையும் விட்டுக்கொடுத்தால்தான் அனுமதி என்று நிபந்தனை விதித்தது. போட்டியை ஆராயும் அதிகாரிகளுக்கு உரிமையாளர் யார் என்பது முதற்கேள்வி. அந்தப் போட்டியால் பயன்பெற வேண்டிய நுகர்வோருக்கு மட்டும் அக்கேள்வி தேவையற்றது என்று எந்த அடிப்படையில் சொல்வது?

இதைவிடக் கூர்மையான சிக்கல், தங்கள் கொள்கைக்காகவே விரும்பப்படும் பிராண்டுகளில் இருக்கிறது. சிறிய நிறுவனமாகத் தொடங்கி, இயற்கை வேளாண்மை, எளிமை, சமூக அக்கறை என்று ஒரு பெயரைச் சம்பாதித்து, பிறகு பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்ட பிராண்டுகளின் வரிசை நீளமானது. பழச்சாறு விற்கும் இன்னசென்ட் கோகோ கோலாவிடம் இருக்கிறது. இயற்கை உணவுகள் விற்கும் ஆனீஸ் 2014-இல் ஜெனரல் மில்ஸிடம் சென்றது. விற்பது அவர்கள் உரிமை. வாங்கிய நிறுவனம் தரத்தைக் கெடுத்துவிட்டது என்றும் நான் பொதுவாகச் சொல்லமாட்டேன். ஆனால் பொதியின் மேலுள்ள கதை பழைய முதலாளியின் கதையாகவும், அந்தக் கதையால் வரும் பணம் புதிய முதலாளியின் பணமாகவும் இருக்கும்போது, வாங்குபவர் ஒன்றை நம்பி மற்றொன்றுக்குப் பணம் தருகிறார்.

பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் இதற்கு மிகத் தெளிவான சான்று. 2000-இல் 32.6 கோடி டாலருக்கு அதை வாங்கிய யூனிலீவர், பிராண்டின் சமூகக் கொள்கைகளைக் காக்கத் தனியொரு சுதந்திர இயக்குநர் குழு இருக்கும் என்று ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட ஏற்பாடு அரிது, பாராட்டத்தக்கதும் கூட. ஆனால் ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளில் விற்பனையை நிறுத்துவதாக 2021-இல் பென் அண்ட் ஜெர்ரிஸ் அறிவித்தபின், 2022-இல் யூனிலீவர் அந்தப் பிராண்டின் இஸ்ரேலிய வணிகத்தை உள்ளூர் உரிமதாரரிடம் விற்றுவிட்டது. பிராண்டின் குழுவும் உரிமையாளரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். அந்தச் சர்ச்சையில் எந்தத் தரப்பு சரி என்பது இம்மடலின் பொருளன்று. பிராண்டு ஒன்று சொல்ல, உரிமையாளர் வேறொன்று செய்ய முடியும் என்பதும், இருவருக்கும் கருத்து வேறுபடும்போது இறுதிச் சொல் யாருடையது என்பதும்தான் பொருள். 2025-இல் அந்நிறுவனத்தை நிறுவிய இருவருள் ஒருவரான ஜெர்ரி கிரீன்ஃபீல்ட், சுதந்திரம் பறிபோய்விட்டது என்று கூறி விலகினார். அவ்வாண்டு டிசம்பரில் யூனிலீவர் தன் ஐஸ்கிரீம் வணிகத்தை மேக்னம் ஐஸ்கிரீம் கம்பெனி என்ற தனி நிறுவனமாகப் பிரித்தது. பென் அண்ட் ஜெர்ரிஸும் அதனோடு போனது.

பாதுகாப்பு என்று வரும்போது இக்கேள்வி விருப்பு வெறுப்புகளைத் தாண்டிவிடுகிறது. 2017 டிசம்பரில் பிரான்சின் லாக்டாலிஸ் குழுமத்தின் ஒரு தொழிற்சாலையில் தயாரான குழந்தைப் பால்மாவில் சால்மோனெல்லா கிருமி இருப்பது தெரியவந்தது. பால்மா பிக்கோ, மிலுமெல், செலியா என்று வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டிருந்தது. திரும்பப் பெறுதல் படிப்படியாக விரிந்து, 83 நாடுகளில் 1.2 கோடிப் பெட்டிகள் வரை சென்றது. செய்தியில் லாக்டாலிஸ் என்ற பெயர் ஒலித்தபோது, தம் கையிலிருக்கும் பெட்டி லாக்டாலிஸின் பெட்டிதானா என்று ஒரு தாய் உடனே தெரிந்துகொள்ள முகப்பிலுள்ள பெயர் உதவாது. உங்கள் தரநிலையின் 4.6-ஆம் பிரிவு, எந்தத் தொழிற்சாலை, எந்தத் தொகுதி என்பதைப் பொதியில் அழியாமல் குறிக்கச் சொல்கிறது; ஆனால் அதைக் குறியீடாக எழுதவும் இடம் தருகிறது. நிறுவனத்துக்கும் அதிகாரிக்கும் புரியும் அக்குறியீடு, ஆபத்து நேரத்தில் பொதியைத் திறந்து வைத்திருப்பவருக்குப் புரிவதில்லை.

மறுக்கும் உரிமையையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். தாய்ப்பால் மாற்று உணவுகளைச் சந்தைப்படுத்திய விதத்தைக் கண்டித்து 1977-இல் நெஸ்லேக்கு எதிராகத் தொடங்கிய புறக்கணிப்பு, 1981-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பன்னாட்டு நெறிமுறை உருவாவதற்கு வலு சேர்த்த நிகழ்வுகளுள் ஒன்று. அதில் சேர்ந்தவர்கள் எந்தெந்தப் பிராண்டுகள் நெஸ்லேயுடையவை என்ற பட்டியலைத் தாங்களே தயாரித்துக் கைமாற்ற வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்தின் பொருளை வேண்டாம் என்று சொல்வதற்குத் தனி ஆராய்ச்சி தேவைப்படும் நிலை அரை நூற்றாண்டாக மாறவில்லை. இன்று பட்டியல் கைப்பேசிச் செயலியாக வருகிறது, அவ்வளவே. அந்தச் செயலிகளும் இணையத்தில் சுற்றும் பெரிய வரைபடங்களும் பெரும்பாலும் காலாவதியானவை. பிரிங்கில்ஸைக் கெல்லாக்கின் கீழ் காட்டும் படங்கள் இன்னும் பல ஆண்டுகள் பகிரப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி எதிர்வாதங்கள். நீங்கள் எழுப்பக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவனவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உரிமையாளர் என்பவரை எங்கே நிறுத்துவது என்பது முதலாவது. கோகோ கோலாவின் பெரிய பங்குதாரர்களிலும் பெப்சிகோவின் பெரிய பங்குதாரர்களிலும் வேன்கார்ட், பிளாக்ராக் ஆகிய முதலீட்டு நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. அப்படியானால் இரண்டு புட்டிகளிலும் அவற்றை அச்சிடுவதா என்று கேட்கலாம். தேவையில்லை. பங்கு வைத்திருப்பதும் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் கணக்கியல் உலகம் ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறது. பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 24, ஒரு நிறுவனம் தன் தாய் நிறுவனத்தின் பெயரையும், அதற்கு மேலே இறுதிக் கட்டுப்பாடு வேறொருவரிடம் இருந்தால் அவர் பெயரையும் நிதி அறிக்கையில் வெளியிட வேண்டும் என்கிறது. அதாவது நான் கேட்கும் தகவல் புதிதாகத் திரட்டப்பட வேண்டியதன்று. பல நாடுகளில் ஆண்டுதோறும் முதலீட்டாளருக்காக எழுதப்பட்டு, தணிக்கையாளரால் சரிபார்க்கப்பட்டு, ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் கிடக்கிறது. பணம் போட்டவருக்குச் சொல்லப்படுவதை, உணவைச் சாப்பிடுபவருக்கும் சொல்லுங்கள் என்பதே கோரிக்கை.

நிறுவனங்கள் அடிக்கடி கைமாறுவதால் அச்சிட்ட பொதிகள் வீணாகும் என்பது இரண்டாவது. சேர்மானப் பட்டியல் மாறினால் லேபிள் மாறுகிறது. ஒவ்வாமை எச்சரிக்கை விதி மாறினால் லேபிள் மாறுகிறது. விளம்பரத்துக்காகப் பொதியின் வடிவமே ஆண்டுக்கு எத்தனையோ முறை மாறுகிறது. பல நூறு கோடி டாலர் கொடுத்து ஒரு பிராண்டை வாங்குபவருக்கு, ஒரு வரியை மாற்ற இரண்டு ஆண்டு அவகாசம் தந்தால் அது பெருஞ்சுமை ஆகாது.

மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான அச்சம். தொழில்நுட்பத்தின் வழியாக உணவுத் தகவல் தருவதற்கான வழிகாட்டுதல்களை உங்கள் ஆணையம் 2024-இல் ஏற்றிருக்கிறது. உரிமையாளர் பெயரை ஒரு கியூஆர் குறியீட்டுக்குள் வைத்துவிடலாம், வேண்டுபவர் கைப்பேசியால் பார்த்துக்கொள்ளட்டும் என்ற சமரசம் உங்கள் மேசைக்கு வரும் என்று எதிர்பார்க்கிறேன். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். ஊட்டச்சத்து விவரங்களின் முழு அட்டவணையை அப்படி வைப்பதற்காவது இடநெருக்கடி என்ற காரணம் சொல்லலாம். இரண்டு மூன்று சொற்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. மேலும் அந்த இணைப்பு கொண்டு சேர்க்கும் பக்கத்தை எழுதுவதும் மாற்றுவதும் அதே நிறுவனம்தான்.

கடைச் சங்கிலிகளின் சொந்தப் பிராண்டுகள் இதில் சேருமா என்றால், உரிமையாளரைச் சொல்லும் அளவில் சேர வேண்டும். 2016-இல் பிரிட்டனின் டெஸ்கோ, பெரும்பாலும் கற்பனையான பண்ணைப் பெயர்களைத் தன் இறைச்சிக்கும் காய்கனிகளுக்கும் சூட்டியபோது அந்நாட்டு விவசாயிகள் சங்கம் ஆட்சேபித்தது. பண்ணைப் பெயருக்குக் கீழே டெஸ்கோவின் பெயரும் அதே அளவில் நின்றிருந்தால் ஆட்சேபத்துக்குக் காரணம் குறைந்திருக்கும். அவற்றைத் தயாரித்துத் தருபவர் யார் என்பது தனியொரு விவாதம். அதை இப்போது இதில் கலக்க நான் விரும்பவில்லை.

உங்கள் தரநிலைக்குள்ளேயே இதற்கான வழி இருக்கிறது. 4.5-ஆம் பிரிவு, உணவு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நுகர்வோரைத் தவறாக எண்ணச் செய்யும் அல்லது ஏமாற்றும் என்றால், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்கிறது. நாட்டுக்குப் பொருந்தும் அளவுகோல் உரிமையாளருக்கும் பொருந்தும். எனவே 4.4-ஆம் பிரிவின் இறுதியில் பின்வரும் கருத்தில் ஒரு துணைப்பிரிவைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: பிராண்டின் பெயர், அந்தப் பிராண்டை இறுதியாகக் கட்டுப்படுத்தும் நிறுவனத்தின் பெயரிலிருந்து வேறுபட்டால், பின்னதை உணவின் பெயர் தெரியும் அதே பக்கத்தில், பிராண்டுக்கு அருகில், எளிதில் படிக்கக்கூடிய எழுத்தில் குறிப்பிட வேண்டும், பிராண்டு உரிமத்தின் பேரில் பயன்படுத்தப்பட்டால், அதன் உரிமையாளர், அந்தச் சந்தையில் அதை விற்பவர் ஆகிய இருவரின் பெயரும் இடம்பெற வேண்டும், உரிமை மாறிய நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் லேபிள் மாற வேண்டும்.

கோடெக்ஸ் தரநிலைகள் எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை என்பதை அறிவேன். ஆனால் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தங்கள் பன்னாட்டுத் தரநிலைகளுக்குத் தரும் இடத்தால், இப்படியொரு விதியைத் தனியாகக் கொண்டுவரும் நாட்டின் மீது தேவையற்ற வர்த்தகத் தடை என்ற குற்றச்சாட்டு எழலாம். அதே விதி உங்கள் தரநிலையில் இருந்தால் அந்த நாட்டுக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும். துணிந்து செய்ய விரும்பும் சிறிய நாடுகளுக்கு இது பெரிய உதவி. 180-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களுள் ஏதேனும் ஒரு நாட்டின் பிரதிநிதிகள், அடுத்த அமர்வில் இதைப் புதிய பணிக்கான முன்மொழிவாக வைக்க வேண்டும் என்றும், அது விவாதிக்கப்படும்போது பார்வையாளர்களாக வந்து பேசும் தொழில் கூட்டமைப்புகள், இம்மடலில் பெயர் வந்த நிறுவனங்களில் எவை தங்கள் உறுப்பினர்கள் என்பதைப் பேசத் தொடங்கும் முன் அறிவிக்குமாறு தலைவர் கேட்க வேண்டும் என்றும் கோருகிறேன்.

இப்படிக்கு,
லேபிள்களைப் படித்து வாங்கும் ஒரு நுகர்வோர்